ஆறு

மூன்றாம் முறையாக நாக்கு பொசுங்கிய இரவில்
எவ்ஸ்தாகி கொடுத்த கம்பிச்சுருளை
சன்னல் வழியே எறியப் போனேன்.
வெளியே பனி. நேர்கீழே
முதல்மாடிக்காரரின் புதுக் கார்.
எறியவில்லை.

தடித்த கம்பி, அதன்மேல் மெல்லிசாய் இன்னொன்று
இறுக்கிச் சுற்றிய சடை.
கப்பல் சங்கு ஊதினாற்போல் ஆவி வரும் என்றான்.
வந்தது.
கூடவே உதட்டுக்கு வெந்நீரும்.

அத்தனை உலோகம் சூடேற எண்பது வாட் கேட்கும்.
ஏறியபின் இறங்க மனசு வராது.
விரலை எடுத்த பிறகும்
உள்ளே ஏதோ பொரிந்துகொண்டே இருக்கும்.

வெந்த நாக்கோடு யாத்விகாவின் சூப்பை விழுங்கிவிட்டு
உப்பில்லை என்று சொல்லித் தொலைத்தேன்.
அக்காள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.
இரண்டு நாளாகப் பேச்சில்லை.

பதினேழு வருடமாய்
கிதினியாவில் கப்பல்களின் அடிவயிற்றைப் பற்றவைக்கிறேன்.
சூட்டைப் பற்றி எனக்குச் சொல்ல
யாருக்கு என்ன தெரியும் என்றிருந்தவள்.
அங்கே சூடு போதாவிட்டால் தையல் பிரியும், கடல் உள்ளே வரும்.
இங்கே சுண்டுவிரல் நகத்தளவு இடம்.
மிஞ்சினால் போச்சு.

ஞாயிறு மாலை. சமையல்மேசை.
உப்புச்சாடியை ஓரம் தள்ளிவிட்டு
சாதாரணக் கம்பி எடுத்தேன்,
புள்ளி மூன்று இரண்டு மில்லிமீட்டர்,
தையல் ஊசியைவிட மெலிசு.
மூன்று மில்லிமீட்டர் ட்ரில் பிட்டின்மேல்
எட்டுச் சுற்று சுற்றினேன்: தூங்கி வழிந்தது.
ஐந்து: கஞ்சத்தனம், ஆவி இருமலோடு நின்றது.
ஆறு.
அதேபோல் இன்னொன்று, பக்கத்தில்.
மீட்டரில் இரண்டும் சேர்ந்து புள்ளி ஆறு ஓம்.

பஞ்சு வைக்காமல் பொத்தானை
தொட்டு, விட்டு, தொட்டேன்.
சிவந்தன.
எனக்குச் சரியாகத்தான் பட்டது.

"இடதுபக்கம் முந்துது."

டிராலிபஸ் ஓட்டிவிட்டு வந்தவள்
கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்னால் நின்றிருந்தாள்.
உறைபனியில் தடம் தப்பிய கோல்களை
கயிற்றைப் பிடித்திழுத்து, அண்ணாந்து,
இரண்டு கம்பிகளிலும் திரும்பப் பொருத்துகிற கண்.
அதற்குத் தப்பவில்லை.

பீங்கான் முனை இடுக்கியால்
இடதின் இரண்டாம் சுற்றை மெல்லக் கிள்ளினேன்.
மறுபடி பொத்தான்.
இப்போது இரண்டும் ஒருசேர,
நடுவில் தொடங்கி ஓரத்துக்கு.
"ம்" என்றாள். கோட்டைக் கழற்றினாள்.

பஞ்சில்தான் முன்பெல்லாம் தோற்றேன்.
மூட்டைக்குள் திணிப்பதுபோல் திணிப்பேன்,
சாறு ஏற வழியில்லாமல் நடுவில் கருகும்.
தளர்த்தினால் கொதித்து முகத்தில் துப்பும்.
இழுக்கும்போது சுருள் அசையவேண்டும்,
வளையக் கூடாது. அவ்வளவுதான்.
சுருளை ஒரு மயிரிழை தூக்கி வைத்தேன்,
காற்று அடியில் நுழைந்து போகட்டும் என்று.

பஞ்சு நனைந்தபின்
அந்தச் சிவப்பை யாரும் பார்க்கக் கூடாது.
பட்டறையில் ஒளிர்ந்தால் வேலை நடக்கிறது.
இதற்குள் ஒளிர்ந்தால்
வேலை கெட்டது.
இது எனக்குப் பிடிபடவே ஒரு மாதமும்
ஒரு நாக்கும் செலவு.

இருபத்தெட்டு வாட்.
இழுத்தேன்.
சனவரிக் காலையில் பால்டிக் கடல்மேல் நிற்குமே,
அப்படி: அடர்த்தி, ஆனால் சுடவில்லை.
மாதக்கணக்காய்ப் புட்டியில் எழுதியிருந்த பேரிக்காய்
இன்றுதான் பேரிக்காய்.
விளக்கு மங்கி, அலமாரி மறைந்து
அக்காளின் குரல் மட்டும் கேட்டது:

"சன்னலைத் திற.
அப்புறம் வந்து சாப்பிடு,
சூப் ஆறுது."

சாப்பிட்டேன். பூண்டு தெரிந்தது,
புளித்த மாவின் புளிப்பு தெரிந்தது.
உப்பு
உண்மையிலேயே குறைவுதான்.
சொல்லவில்லை.
சாடியை மட்டும்
மேசை நடுவுக்கு நகர்த்தி வைத்தேன்.